டிஃப் லாக் இல்லாத ஜிம்னி மலைக்கு ஆகுமா?

எஸ்டேட்வாசி:
வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தார் ரோட்டை விட்டு இறங்கினால் கடைசிக் கொஞ்ச தூரம் செம்மண்ணும் உருட்டுக் கல்லும்தான். மழைக்காலத்தில் ஓர் ஓடையையும் தாண்டியாக வேண்டும். பழைய வண்டி ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஐந்து கதவு மாருதி ஜிம்னி, 2020 மாடல் டீசல் மஹிந்திரா தார் இரண்டும் கைக்கு எட்டுகிற விலையில் இருக்கின்றன. பார்த்து வைத்திருக்கும் தாரில் பின் ஆக்சிலின் டிஃப்பை (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) பூட்டும் மெக்கானிக்கல் லாக் உண்டு. ஜிம்னியில் அது கிடையாது, சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் ஏற்பாடுதான். அது போதுமா? "முதலில் டயரை மாற்று" என்று யாரும் எழுத வேண்டாம், அது தெரியும்.

கிரவுன்பினியன்:
யோசிக்காமல் தார் எடுங்க. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண டிஃப் மொத்த இழுவையையும் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும், வண்டி அசையாது. லாக் விழுந்தால் இரண்டு பக்கமும் ஒரே ஷாஃப்ட் மாதிரி சுற்றும், ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். கணினியை நம்பி காட்டுக்குள் போகிறவன் கயிற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

லோகியர்:
அண்ணே, முதல் வரியிலேயே இடறுகிறீர்கள். சாதாரண டிஃப் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும், மாறுவது வேகம் மட்டும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை என்பதால், தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் போய்ச் சேர்கிறது. இப்போது தொங்கும் சக்கரத்தை பிரேக் பிடித்தால் அதற்கு ஓர் எதிர்ப்பு கிடைக்கும், மறுபக்கத்துக்கும் அதே அளவு விசை ஏறும். ஜிம்னி செய்வது இதைத்தான். பழைய வண்டிக்காரர்கள் பின் சக்கரம் சுழன்றால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்துப் பிடித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுப்பார்களே, அதே வித்தை. கையால் இழுத்தால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், கணினி சுழல்கிற ஒன்றை மட்டும் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரவுன்பினியன்:
சரி தம்பி, விசை சமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கில் கரைகிற விசை எங்கிருந்து வருகிறது? இன்ஜினிலிருந்துதான். 134 நியூட்டன் மீட்டர் வைத்திருக்கும் 1.5 லிட்டர் பெட்ரோலிடம் பாதியை பிரேக்குக்குத் தானம் பண்ணச் சொல்கிறீர்கள். தார் டீசலில் 300.

லோகியர்:
கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மேனுவல் ஜிம்னியில் முதல் கியர் 4.425, லோ (கடும் ஏற்றத்துக்கான மெதுவான கியர்) 2.002, கிரவுன் (ஆக்சில் பல்சக்கரம்) 4.09. பெருக்கினால் சுமார் 36. 134 நியூட்டன் மீட்டர் சக்கரங்களுக்குப் போகும்போது 4,800-க்கு மேல், உராய்வு இழப்பைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். ஆளும் சாமானும் சேர்த்து 1,400 கிலோ, 30 டிகிரி ஏற்றம் என்று வைத்தால் தேவைப்படுவது 2,400 அளவு. அதாவது பாதி பிரேக்கில் போனாலும் கிட்டத்தட்ட அந்த அளவு மிஞ்சும். தார் கிட்டத்தட்ட அரை டன் கூடுதல் எடை, அதையும் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கிரவுன்பினியன்:
கணக்கு அழகு. ஆனால் அந்த 134 வருவது 4,000 ஆர்பிஎம்-ல். லோ முதல் கியரில் 4,000 என்றால் மணிக்கு 14 கிலோமீட்டர். உருட்டுக் கல் மேல் 14-ல் போனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் பல் கையில் வரும். நிதானமாக 5-ல் ஏறும்போது இன்ஜின் 1,400 பக்கம்தான் ஓடும், அங்கே 134 கிடைக்காது. டீசலுக்கு 1,600-லேயே முழு 300-ம் வந்துவிடும். உங்கள் கணக்கில் இழுவை இருக்கிறது, நிதானம் இல்லை. பிரேக் ஏற்பாடு வேலை செய்ய முதலில் சக்கரம் சுழல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் செம்மண்ணில் சுழன்றால் பள்ளம் தோண்டிக்கொண்டு இறங்கும்.

லோகியர்:
அதே குறை உங்கள் லாக்குக்கும் உண்டே! தாரில் இருப்பது சுவிட்ச் போட்டு முன்கூட்டியே பூட்டுகிற லாக் இல்லை. இரண்டு பின் சக்கரத்துக்கும் இடையில் 100 ஆர்பிஎம் அளவுக்கு வேக வித்தியாசம் வந்தால்தான் உள்ளே எடைக்கட்டை விரிந்து 'டக்'கென்று பூட்டும். அதுவும் சுழன்ற பிறகுதான். நாமே முன்கூட்டியே பூட்டும் லாக் வேண்டுமென்றால் ஃபோர்ஸ் குர்கா வண்டிக்குப் போக வேண்டும், அதில் முன்னும் பின்னும் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
இரண்டு பேரும் இழுவையைப் பற்றியே பேசுகிறீர்கள். கழற்றி மாட்டுகிறவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். திறந்த டிஃப்பில் ஒரு ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு பாதி விசைக்கு மேல் போகவே போகாது. லாக் விழுந்து ஒரு சக்கரம் மட்டும் பாறையைப் பிடித்தால் மொத்தமும் அந்த ஒரே ஷாஃப்ட்டில் இறங்கும். ஸ்பிளைன் முறுக்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன், நேராக இருக்க வேண்டிய பல் வரிசை லேசாகச் சாய்ந்து நிற்கும். பெரிய டயர் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம். கம்பெனி டயரோடு ஓட்டினால் பயப்படத் தேவையில்லை.

முன் பக்கத்தையும் பாருங்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே அழுத்தும், அதனால் சக்கரம் தொங்குவதே குறைவு. தாருக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், தார் ரோட்டில் சொகுசு, குழியில் சக்கரம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும். சி.வி. பூட் (ஆக்சில் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்தால் மண் உள்ளே போய் ஜாயிண்ட் போச்சு. ஜிம்னியில் பார்க்க வேண்டியது முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங், தேய்ந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும்.

எஸ்டேட்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம் ஒன்று. ஆழியாரிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவையும் மழையில் ஃபோர் ஹை (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டே ஏறினால் பிடிப்பு கூடுமா?

பட்டறைக்காரன்:
வேண்டாம் தம்பி. இரண்டு வண்டியிலும் நடுவில் டிஃப் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், அந்த வித்தியாசத்தைத் தார் ரோடு விட்டுக்கொடுக்காது. முன் பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி, லீவர் டூ ஹைக்கு (இரு சக்கர இழுவை) வராமல் அடம் பிடிக்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போங்கள், விட்டுவிடும். செம்மண் தொடங்கும் இடத்தில் போட்டால் போதும்.

கிரவுன்பினியன்:
இதில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி. ஆனால் என் ஓட்டு இன்னும் தாருக்குத்தான். ஒருநாள் ஓடைக்கரையில் எதிர் ஏற்றத்தில் நின்று பார்த்தால் எனக்கு எழுதுவீர்கள்.

லோகியர்:
தினமும் போகிற பாதைக்கு எடை குறைந்த வண்டிதான் என்பேன். மாட்டினாலும் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். தாரை நாலு பேர் தள்ளிப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
எது வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் இரண்டு ஆக்சில் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். ஓட்டிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்றை இழுக்கும். காற்று போய்வரும் ப்ரீத்தர் குழாய் கழன்றோ அடைத்தோ இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரே உள்ளே போகும். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருந்தால் பேரிங்குக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். பார்க்கும்போது மேலே ஆயில் ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் நட்டு அப்புறம். மேல் நட்டு துருப்பிடித்துக் கழறவில்லை என்றால், கீழே வடித்துவிட்ட வண்டியை எப்படி ஓட்டி வருவீர்கள்?