தாத்தாவின் பெட்டியில் இரண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள்: எந்தப் பேரரசர், உண்மையானவையா?

செவ்வாய்ப்பேட்டைப் பேரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தியவர். உருக்குவதற்காக எடைக்கு வாங்கும் பழைய வெள்ளியில் புதுமையாக ஏதேனும் கண்ணில் பட்டால், அதை மூசையில் போடாமல் தனியே எடுத்துவைப்பது அவர் வழக்கம். சென்ற மாதம் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, விக்டோரியா ரூபாய்களுக்கு நடுவே, பழைய வேட்டித் துணியில் முடிந்திருந்த இரண்டு சிறிய காசுகள் கிடைத்தன.

இரண்டிலும் இலைமாலை சூடிய தலை ஒன்று வலப்பக்கம் நோக்கியிருக்கிறது. இரண்டிலும் 'அகஸ்டஸ்' என்ற சொல்லை என்னால் படிக்க முடிகிறது. முதல் காசின் பின்புறத்தில், ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் பிடித்த பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். இரண்டாவதன் பின்புறத்தில் இருவர் நிற்க, அவர்களுக்கிடையே கேடயங்கள் தெரிகின்றன. இரண்டும் அகஸ்டஸ் காலத்தவை என்று நான் எண்ணுவது சரியா? இவை உண்மையானவையா? நன்றாகக் கறுத்திருப்பதால், புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படம் எடுக்குமாறு சித்தப்பா சொல்கிறார், செய்யலாமா?

அஸ்தம்பட்டிச் சேகரிப்பாளர்:

புளி, விபூதி, பூந்திக்கொட்டை எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்புப் படலம் காசைக் காப்பது. அதன் அழகும் மதிப்பும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன, தேய்த்து எடுத்தபின் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இன்னொன்று: வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்ப்பதுபோல் இவற்றைச் சுண்டிவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டு ஆன வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம்; விழுந்தால் பிஸ்கட்போல் உடையும்.

இனி அடையாளம். 'அகஸ்டஸ்' என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். முதல் பேரரசருக்கு வழங்கப்பட்ட அந்தப் பெயரைப் பின்வந்தவர்களும் பட்டமாகச் சூடிக்கொண்டதால், அது ஏறக்குறைய எல்லாப் பேரரசர்களின் காசுகளிலும் வரும். எழுத்து வரிசை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். உங்கள் முதல் காசில் அங்கே 'டி', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், அது டைபீரியஸ் என்பதன் சுருக்கம். முழு வாசகமும் 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்று பொருள்படும். பின்புறத்தில் பெண்ணின் இருபுறமும் 'பான்டிஃப்', 'மாக்ஸிம்' என்று பிரிந்திருக்கும். தலைமைப் பூசாரி என்ற பட்டம் அது. அமர்ந்திருப்பவளை டைபீரியஸின் தாய் லிவியாவாகப் பலர் கருதுகிறார்கள். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ், இன்று பிரான்சின் லியோன் நகரமாக இருக்கும் லுக்டூனத்தில் இந்த வகை டெனாரியஸை, அதாவது ரோமானிய வெள்ளிக் காசை, பல ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி அடிக்கச் செய்தார். அதனால் ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், நாற்காலியின் கால்கள் வெறுமையாக உள்ளனவா, வேலைப்பாடு கொண்டுள்ளனவா என்பதைக் கொண்டு உள்வகை பிரிக்கலாம்.

இரண்டாவது அகஸ்டஸ் வகைதான். நிற்பவர்கள் அவருடைய பேரன்மார் கையஸும் லூசியஸும். மகன்களாகத் தத்தெடுத்து வாரிசுகளாக வளர்க்கப்பட்டவர்கள், இருவரும் தாத்தாவுக்கு முன்பே இறந்துபோனார்கள். வாசகத்தில் 'தாய்நாட்டின் தந்தை' என்ற பட்டம் வருவதால், அந்தப் பட்டம் கிடைத்த கி.மு. 2-க்கு முற்பட்டதாக இது இருக்க முடியாது. இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை இவ்விரு வகைகளே. கி.பி. 64-இல் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்ததால், வணிகர்கள் பழைய நல்ல காசுகளையே கொண்டுவர விரும்பினார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

ஆனால் அதிகம் கிடைக்கும் வகைக்குத்தான் போலிகளும் அதிகம். எடை, விட்டம், விளிம்பின் படம் மூன்றும் அனுப்புங்கள். உண்மையான காசு, வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தது. ஆகவே முழு வட்டமாக இராது, உருவம் நடுவிலிருந்து விலகியிருக்கும், ஓரத்தில் சிறு வெடிப்புகளும் காணலாம். அச்சில் ஊற்றி வார்த்ததென்றால் பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒரு கோடும், அதை அரத்தால் ராவிய தடமும் இருக்கும்.

சிவதாபுரம் பட்டறை:

தம்பி, உங்கள் தாத்தாவின் தொழில்தான் எனக்கும். டச் (வெள்ளியின் தூய்மை) பார்க்கிறேன் என்று உரைகல்லில் தேய்க்கவோ அமிலம் விடவோ யாருக்கும் அனுமதி தராதீர்கள். மேலே பூச்சு மட்டும் வெள்ளியாக இருந்தால் உரைகல்லும் ஏமாறும். நம் பட்டறைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும் அல்லவா? காசை முதலில் சாதாரணமாக நிறுத்துவிட்டு, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். தண்ணீரில் எடை எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். சுத்த வெள்ளிக்கு 10.5, பித்தளையும் செம்பும் 9-க்குக் கீழே நிற்கும். காசுக்கு ஒரு கீறலும் விழாது.

செவ்வாய்ப்பேட்டைப் பேரன்:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. புளிக்கரைசல் தயாராக இருந்தது, சாம்பாருக்குப் போய்விட்டது. முதல் காசின் எடை 3.62 கிராம், தண்ணீரில் குறைந்தது 0.35 கிராம். எழுத்து வரிசை நீங்கள் சொன்னபடியே 'டி', 'ஐ' என்றுதான் தொடங்குகிறது. நாற்காலிக் கால்களில் வேலைப்பாடு தெரிகிறது. இரண்டாவது காசின் எடை 2.95 கிராம், குறைந்தது 0.34 கிராம். அதன் விளிம்பைச் சுற்றி நூலிழைபோல் ஒரு கோடும், ஒரே திசையில் சாய்ந்த மெல்லிய கீறல்களும் உள்ளன. படங்களை இணைத்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டிச் சேகரிப்பாளர்:

முதல் காசின் அடர்த்தி 10.3-க்கு மேல் வருகிறது. எடை, விளிம்பின் வெடிப்பு, எழுத்துகளின் கூர்மை எல்லாம் ஒன்றுக்கொன்று இசைகின்றன. கையில் எடுத்துப் பார்க்காமல் முழு உறுதி சொல்வது முறையன்று என்றாலும், அது டைபீரியஸ் காசு என்பதில் எனக்கு ஐயம் குறைவு. இரண்டாவது 8.7 அளவில் நிற்கிறது. செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன. எடை குறைந்தால் அந்த வாய்ப்பையும் எண்ண வேண்டும். ஆனால் அவையும் அச்சில் அடிக்கப்பட்டவை. உங்கள் காசிலோ வார்ப்புக் கோடும் அரத் தடமும் தெளிவாகத் தெரிகின்றன, கேடயங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஈட்டிகள் மழுங்கிப்போயிருக்கின்றன. அது பிற்காலத்தில் வார்த்த நகல். உங்கள் தாத்தா இரண்டையும் ஒரே முடிச்சில் வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தாரோ என்னவோ.

ஏற்காட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். நம் மாவட்டத்தில் கோனேரிப்பட்டியில் 1987-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன; பண்டைய வணிக ஊர்களான நொய்யல் கரைக் கொடுமணலும் கரூரும் நமக்குத் தொலைவில்லை. அதனால் இந்தக் காசும் கொங்கு மண்ணிலிருந்தே வந்தது என்று நம்பத் தோன்றும். எனினும் ஐரோப்பியச் சந்தையில் இதே வகை தாராளமாக விற்கப்படுவதால், உண்மையான காசு என்பது ஒன்று, இங்கே புதைந்திருந்த காசு என்பது வேறொன்று. யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்த பழைய வெள்ளி என்பது தெரிந்தால்தான், இங்கே புதைந்திருந்ததா என்பதைச் சொல்ல முடியும். தாத்தாவின் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றனவா? அந்த வேட்டித் துணியையும் எறிந்துவிடாதீர்கள்.

நிலத்தில் கண்டெடுப்போருக்கு விதி வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பேரன்:

கணக்குப் புத்தகங்கள் அம்மாப்பேட்டையில் அத்தை வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் இறக்கிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன், ஐயா.