தெருவே நம்பறதெல்லாம் விசுவாச உணர்வு ஆயிருமாங்க?

சோமனூரான்:
ஏனுங்க ஒரு டவுட்டு. போன வாரம் அன்பியக் கூட்டத்துல (எங்க பங்குல பக்கத்து ஊட்டுக்காரங்க சேந்து செபம் பண்ற கூட்டம்) ஃபாதர் சொன்னாரு, ஆயர்ல (பிஷப்) இருந்து கடைசி விசுவாசி வரைக்கும் எல்லாரும் ஒண்ணா விசுவாசத்துலயும் ஒழுக்கத்துலயும் ஒரு விசயத்த ஏத்துக்கிட்டா அது தப்பாப் போகாது, கத்தோலிக்க ஆயர்கள் கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லுது, இதுக்குப் பேருதான் விசுவாச உணர்வுன்னு. சரீன்னு வந்துட்டேன், ஆனா எங்க அம்முச்சி காலைல பூசைக்குப் போயிட்டு வந்து பொழுதோட பேரனுக்கு உப்பு மொளகா சுத்தி அடுப்புல போடுது, எங்க தெருவுல எல்லா ஊட்லயும் இதேதான். அப்ப அதுவும் விசுவாச உணர்வுதானா? நக்கலுக்குக் கேக்கலைங்க.

ஆலைக்கொட்டாய்:
அது வேற இது வேற தம்பி. எங்கப்பாரு வெல்லம் காய்ச்சறப்போ ஒரு சொட்டுப் பாக தண்ணில உட்டு வெரல்ல உருட்டிப் பாத்துட்டு எறக்குடான்னுவாரு, எப்படிங்கன்னா சொல்லத் தெரியாது. செபம், பூசை, பைபிள்னு அதுலயே ஊறுனவங்களுக்கு எது ஒட்டும் எது ஒட்டாதுன்னு அப்படித்தான் தெரியும். வேடிக்கை பாக்க வந்த பத்துப் பேரு ஆச்சு ஆச்சுன்னா பதம் வந்துருமா? 2014ல வத்திக்கான் இறையியல் குழு போட்ட ஆவணமும் பொதுக்கருத்தும் இதுவும் ஒண்ணில்லன்னுதான் சொல்லுது.

ஈரோட்டு டீச்சர்:
அதுக்காக சனங்களக் கேக்காம உட்டதும் இல்லீங்க. மாதாவோட அமல உற்பவத்த (ஜென்மப் பாவம் இல்லாம மாதா கருவானத) 1854ல அறிவிக்கறதுக்கு முன்னாடி, 1849லயே போப் ஒன்பதாம் பத்திநாதர் ஆயர்களுக்கெல்லாம் கடுதாசி போட்டு, உங்க குருக்களும் மக்களும் இதுல எவ்வளவு பக்தியா இருக்காங்கன்னு கேட்டாரு. மாதா ஒடலோட விண்ணகம் போன விண்ணேற்புக்கும் அப்படித்தான், 1946ல கேட்டு 1950ல அறிவிச்சாங்க. இங்கிலாந்து இறையியல் அறிஞர் நியூமன் 1859ல எழுதுனத தேடிப் படிங்க: நாலாம் நூற்றாண்டுல, இயேசு பிதாவுக்குச் சமம் இல்லன்னு ஆரியூஸ் கூட்டம் கெளம்புனப்ப ஆயர்களே நெறையப் பேரு தடுமாறுனாங்க, புடிச்சு நின்னது சாதாரண சனங்கன்னு. அதுக்கு அவர் மேலயே ரோமுக்குப் புகார் போச்சு! 2019ல அவரு புனிதர்.

சோமனூரான்:
டீச்சர், ஆயர்களே தடுமாறுனா "ஆயர்ல இருந்து கடைசி விசுவாசி வரைக்கும்"ங்கறது இடிக்குதே?

ஈரோட்டு டீச்சர்:
நல்லாக் கேட்டீங்க. ஒரே நாள்ல எண்ணற ஓட்டில்லைங்க அது. இயேசு பிதாவுக்குச் சமம்னு 325ல நைசேயா சங்கத்துல சொன்னத 381ல கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் திரும்ப உறுதி பண்ற வரைக்கும் இழுத்துச்சு.

சோமனூரான்:
சரிங்க. அம்முச்சிகிட்டயே கேட்டுட்டேன். "மொளகா கண்ணேறுக்குடா, பூசைல அதச் சுத்தச் சொல்லி ஆரு சொன்னா? இதப் போயி ஃபாதர்கிட்டயா கேப்ப"ன்னு திட்டு உழுந்துச்சு.