புதுப்பிப்பு: பெரியம்மாவின் உரிமைத் தொகை என்ன ஆயிற்று?

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு தமிழ்நாடு அரசின் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டதை முன்பு எழுதியிருந்தேன். பணம் வந்ததா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் இல்லை. காரணம் மட்டும் தெரிந்துவிட்டது. மின்சாரம்.

வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கே ஒரே வளவில் மூன்று குடும்பம். மீட்டர் ஒன்றுதான், அதுவும் காலமான தாத்தா பெயரில். விண்ணப்பத்தில் அந்த இணைப்பு எண்ணைத்தான் எழுத முடிந்தது. கிரைண்டரும் மோட்டாரும் சித்தப்பா வீட்டில் ஓடுகின்றன. பெரியம்மா வீட்டில் இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி. கணக்கு ஏறியது இவர் தலையில்.

இதே திட்டத்தில் நில வரம்பை மட்டும் நன்செய்க்கு 5 ஏக்கர், புன்செய்க்கு 10 ஏக்கர் என்று பிரித்திருக்கிறார்கள். மானாவாரியில் சாமை விதைக்கும் எங்களுக்கு அது நியாயமாகவே படுகிறது. மீட்டருக்கு மட்டும் ஏன் அந்த நிதானம் இல்லை?

கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போட்டாயிற்று. ஆய்வுக்கு வந்தவர் மீட்டர் பெட்டியிலிருந்து மூன்று வீட்டுக்கும் பிரியும் வயர்களைப் படம் எடுத்துக்கொண்டார். தனி மீட்டர் வாங்கிவிடுங்கள் என்றார். அதற்குச் சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும், அவர்தான் இழுத்தடிக்கிறார்.