1966 எம்ஜிபி: ஆல்டர்நேட்டர் போட்டதும் மீட்டர்கள் குழம்பிவிட்டன, உதவி வேண்டும்

கானாடுகாத்தான் வாசி:
ஐயா பினாங்கில் இருந்தபோது வாங்கிய 1966 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் ஏற்றாது. ராத்திரி ஹெட்லைட் போட்டுக் காரைக்குடி போய் வந்தால் மறுநாள் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து அதற்குப் பதிலாக லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்நேட்டர் போட்டு, பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த் ஆக்கினோம், அதாவது கார் பாடியோடு சேரும் பேட்டரி முனையைப் பிளஸிலிருந்து மைனஸுக்கு மாற்றினோம். இப்போது பேட்டரியில் 14.2 வோல்ட் வருகிறது, சந்தோஷம். ஆனால் என்ஜின் சுற்று வேகம் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் அசையவே இல்லை. பெட்ரோல் முள் பாதி டேங்க்குக்கே ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது. ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் சேர்ந்த மீட்டர் மட்டும் சரியாக இருக்கிறது. "மொத்தத்தையும் கழற்றிட்டு டிஜிட்டல் செட் போட்டுடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

தேவகோட்டை பைக்கர்:
போட்டுடுங்க அண்ணே. பழைய மீட்டருக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நல்ல விலை கிடைக்கும் 😀

மதுரை கராஜ்:
அந்தப் பழம்பொருள் கடைப் பக்கமே போகாதீர்கள். ஒழுங்காக இருக்கும் அந்த மீட்டருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆயில் குழாய் வழியாக வருகிறது, டெம்பரேச்சர் மெல்லிய கேப்பிலரி குழாயில் வருகிறது. எர்த் மாறினால் அதற்கென்ன? மற்ற இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் பெட்ரோல். மீட்டருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே பைமெட்டல் பட்டை சூடாகி விட்டுவிட்டுத் தொடும், சராசரியாக 10 வோல்ட் வெளியே போகும். அதற்கு எர்த், அதைப் பிடித்திருக்கும் திருகுதான். திருகு தளர்ந்தாலோ அடியில் பெயிண்ட் இருந்தாலோ பட்டை சூடாகாது, பேட்டரி வோல்டேஜ் அப்படியே மீட்டருக்குப் போகும். ஆல்டர்நேட்டர் 14 வோல்ட் தருவதால் முள் இன்னும் மேலே ஏறும். பச்சை ஒயர் உள்ளே வருவது, இளம்பச்சையும் பச்சையும் கலந்தது வெளியே போவது. வெளியே போவதில் மல்டிமீட்டர் வையுங்கள். எண் குதித்துக்கொண்டே இருந்தால் பெட்டி வேலை செய்கிறது, 14-லேயே நின்றால் எர்த்தைப் பாருங்கள்.

ஆர்பிஎம் மீட்டர், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரின் துடிப்பை எண்ணுகிறது. உள்ளே டிரான்சிஸ்டர் இருப்பதால் எர்த் மாறினால் வேலை செய்யாது. மீட்டரைப் புது எர்த்துக்கு மாற்றும் வரை அதன் பச்சை சப்ளை ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். மீட்டரைத் திறந்து உள்ளே சப்ளையையும் எர்த்தையும் இடம் மாற்ற வேண்டும், பின்னால் வெள்ளை ஒயர் சுற்றி வரும் திசையையும் திருப்ப வேண்டும். கடிகாரம் பழுது பார்ப்பவர் கை இருந்தால் நல்லது. காயிலில் SW (சுவிட்ச் பக்கம்), CB (கான்டாக்ட் பிரேக்கர் பக்கம்) ஒயர்களை இடம் மாற்றினார்களா என்றும் கேளுங்கள்.

பள்ளத்தூர் ஒயர்மேன்:
கவனிக்க வேண்டியது இன்னொன்று. பழைய டைனமோ 22 ஆம்பியர்தான் தரும், அதற்கேற்ற ஒயர்தான் டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டிக்குப் போகிறது. புது ஆல்டர்நேட்டர் அதைவிட அதிகம் தரும். அதன் அவுட்புட்டிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) தனியாகக் கனத்த ஒயர் இழுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே (பெரிய கரண்ட்டைத் தானே சுமக்கும் மின் சுவிட்ச்) போட்டால் சுவிட்ச் பிழைக்கும், இந்தக் காரில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. பழைய லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று போட்டிருப்பது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. அதைப் பார்த்து 35 ஆம்பியர் பிளேடு பியூஸ் போட்டால் முதலில் ஒயர்தான் உருகும்.

கானாடுகாத்தான் வாசி:
ஸ்டெபிலைசர் திருகுக்கு அடியில் பெயிண்ட் கட்டியாக இருந்தது. சுரண்டிவிட்டு முடுக்கியதும் முள் பாதிக்கு இறங்கிவிட்டது! காயில் ஒயர் மாற்றவில்லை என்றார் எலக்ட்ரீஷியன், மாற்றச் சொல்லிவிட்டேன். ஆர்பிஎம் மீட்டரைக் கழற்றியாச்சு. ஸ்டெபிலைசரையும் ஐசி வைத்ததாக மாற்றலாமா? அப்புறம் எர்த் மாறியதற்காக எஸ்யூ கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்பில் ஏதாவது செய்ய வேண்டுமா?

மதுரை கராஜ்:
10 வோல்ட் தரும் 7810 ஐசி போதும், நெகட்டிவ் எர்த்துக்குத்தான் சரிவரும், உங்களுக்கு அதுதானே. ஆனால் ஓடுகிறதை ஏன் தொடுகிறீர்கள்? பம்பில் கண்டென்சர் இருந்தால் கவலை இல்லை, டயோடு இருந்தால் திருப்பிப் போட வேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள், அதற்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.