துருவ நட்சத்திரம் தென்னந்தோப்புக்குள்ள போயிடுச்சு

வானத்தைப் படமெடுக்கச் சின்ன டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டியவர்கள் எங்கெங்கே சறுக்கினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். என்னிடம் இருப்பது 130 மி.மீ. ஆடி, 650 மி.மீ. குவியத்தூரம் உள்ள நியூட்டோனியன் (ஆடி வைத்த டெலஸ்கோப்), செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேனான் கேமரா.

முதல் இரவே மானம் போனது. டி-ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டு கேமராவை மாட்டி நிலாவைப் பிடித்தேன். ஃபோகஸ் குமிழை உள்ளே திருகத் திருக நிலா தெளிந்துகொண்டே வந்து, இதோ பளிச்சென்று ஆகப்போகிறது என்ற நேரத்தில் குழாய் முட்டிக்கொண்டது, அதற்கு மேல் போகவில்லை. விற்றவர் தலையில் கட்டிவிட்டார் என்று இரண்டு நாள் வயிற்றெரிச்சல். பாவம், அவர் மேல் தப்பில்லை. விலை குறைந்த நியூட்டோனியன் பெரும்பாலும் கண்ணால் பார்க்கவென்றே செய்தது, கேமராவின் சென்சாரோ உள்ளே ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, பிம்பம் அதுவரை எட்டாது. நடுவில் பிம்பத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டதும் நிலா முழுசாக ஃப்ரேமுக்குள் விழுந்தது. ஆனால் மங்கலான பொருளுக்கு பார்லோ ஆகாது, வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதனால் நீளமான ஸ்க்ரூ போட்டு அடியில் இருக்கும் ஆடியை ஒரு அங்குலம் முன்னால் தள்ளினேன். ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

தை மாசம், சம்பா அறுப்பு முடிந்த நேரம், சிமெண்ட் களத்தில் முக்காலியை நிறுத்தினேன். நெல்லைக் குவித்துக் காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் டார்ச்சோடு வந்தார். "என்ன தம்பி, மீத்தேனுக்கு அளக்க வந்தியளா?" மீத்தேன் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்த நம்ம ஊரில் ராத்திரியில் முக்காலியோடு நின்றால் வேறென்ன நினைப்பார்கள்! சமாதானம் சொல்லிப் புரியவைப்பதற்குப் பதில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "ஆறாமீன்னு எண்ணுவோம், இது எண்ணி மாளாது போலருக்கே."

அப்புறம் அவர்தான் எனக்கு வாத்தியார். "பதினோரு மணிக்கு மேல பனி இறங்கும், மூடிடு" என்று சொல்லிவிட்டு நெல் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதக் கணக்குப் பார்ப்பார்களே என்ற கவலை அவருக்கு. நான் கேட்கவில்லை. அன்றைக்கு எடுத்ததில் கடைசி 40 படமும் பால் ஊற்றின மாதிரி, இரண்டாவது ஆடியில் பனி கோத்திருந்தது. இப்போது யோகா பாயைச் சுருட்டிக் குழாய் வாயில் மாட்டுகிறேன்.

பெரிய பிரச்சினை துருவ நட்சத்திரம். டெலஸ்கோப்பைத் திருப்பும் மோட்டார் ஓட்டாமல் 650 மி.மீ.-இல் அரை நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்தால் நட்சத்திரம் அரிசி மாதிரி நீண்டுவிடும். மோட்டார் நட்சத்திரத்தை ஒழுங்காகத் தொடர, அது சுழற்றும் அச்சு துருவ நட்சத்திரம் இருக்கும் வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். நம்ம அட்சரேகைக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் 11 டிகிரிதான், எனக்கு அங்கே தென்னந்தோப்பு. இணைய வழிகாட்டியில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது, துருவத்தைப் பார்த்து ஆரம்பி என்றுதான் தொடங்கும். எனக்குக் கைகொடுத்தது நகர்வு பார்க்கும் முறை. ஓரியன் இடுப்பு நட்சத்திரம் உச்சிக்கோட்டுக்கு (தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கோடு) வரும்போது அதைத் திரையில் பெரிதாக்கி, வடக்கே தெற்கே நழுவுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்து முக்காலித் தலையை இடவலமாகத் திருத்துவது, பிறகு கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒன்றை வைத்து அச்சின் உயரத்தைத் திருத்துவது. பொறுமை வேண்டும், கொசு வத்தியும் வேண்டும்.

வடக்கே இழந்ததைத் தெற்கே வட்டியோடு எடுத்தேன். சித்திரைப் பிறப்பை ஒட்டி நிலா இல்லாத நள்ளிரவில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து இங்கே 32 டிகிரி உயரத்துக்கு வருகிறது, லண்டன்காரருக்கு அது உதிக்கவே உதிக்காது. உளுந்து எடுத்த வயலுக்கு மேலே, 20 நொடி வீதம் 45 படம், குழாய் வாயை மூடி எடுத்த இருட்டுப் படம் 15, எல்லாவற்றையும் சிரில் என்ற மென்பொருளில் அடுக்கினேன். திரையில் ரவையைக் கொட்டின மாதிரி வந்து நின்றது. 17,000 ஒளியாண்டு தூரம்.

* * *

நான் வேதாரண்யம் பக்கம், 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப். உப்பளத்து ஓரம் இருட்டுக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் கடல்காத்து லென்ஸில் உப்புப் படலம் விடுகிறது. முதல் தடவை வேட்டி நுனியால் துடைத்துக் கீறல் விழுந்தது, ஊதித் தூசை எடுக்காமல் துணி வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை. ஒரு சந்தேகம் அண்ணே, அச்சை 11 டிகிரிக்கு இறக்கினால் டெலஸ்கோப்புக்குச் சமனாக எடை மாட்டும் கம்பி முக்காலிக் காலில் இடிக்கிறதே?

* * *

எனக்கும் இடித்தது தம்பி. வடக்கே நிற்கிற காலைத் தெற்கே திருப்பி வையுங்கள், கம்பி மற்ற இரண்டு காலுக்கும் நடுவில் தொங்கும். திருப்பின பிறகு எடையை மாட்டுங்கள், நான் முதலிலேயே மாட்டிக் கால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். பெரியவர் இப்போதெல்லாம் நான் களத்துக்கு வந்தால் கேட்காமலே மோட்டார் கொட்டகை லைட்டை அணைத்துவிடுகிறார்.