பண்ணைக்கீரை விற்ற ஆயா: உங்களுக்கு இப்படி யாராவது வாய்த்தார்களா?

இரண்டு வருசமாக வாரம் ஒரு பெட்டி 'இயற்கைக் காய்கறி' வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தோம். கடையின் பெயர் வேண்டாம். சித்திரை வெயிலானாலும் ஐப்பசி மழையானாலும் பெட்டியைத் திறந்தால் அதே காலிஃபிளவர், அதே பீன்ஸ், அதே கேரட், அதே தக்காளி. எந்த ஊரில் விளைந்தது என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டேன். "எங்க பண்ணையில இருந்து வருதுங்க" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. விலை மட்டும் சந்தையை விட இரண்டு மடங்கு.

போன புரட்டாசியில் ஒரு வாரம் பெட்டி வரவில்லை. அதனால்தான் காலையில் ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போனேன். உழவர் சந்தைகள் 1999-இல் வந்தவை, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்று இருக்கிறது, ஆனாலும் நான் உள்ளே போய் வருசக்கணக்காகியிருந்தது. ஒரு ஓரத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆயா சாக்கை விரித்து இரண்டு குவியல் கீரை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முருங்கைக்காய் வேண்டியிருந்தது, எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"மழை நாளுல முருங்கைக்காய் கேக்கறயே கண்ணு, மழைக்குப் பூவெல்லாம் கொட்டிப் போயிருக்குமே. இதைக் கொண்டுட்டுப் போயி கடைஞ்சு சோத்துல போட்டுத் தின்னு பாரு."

அவர் காட்டியது பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும். என் அம்மாயி வீட்டில் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறேன், பெயர்கூட மறந்துபோயிருந்தது. ஒரு கட்டு பத்து ரூபாய். விதைத்த கீரையா என்று கேட்டேன். "இதை ஆரு சாமி விதைப்பாங்க? கல்லக்காய் (நிலக்கடலை) காட்டுல தானா மொளைக்கறது. மருந்தடிச்ச காட்டுல இது வராது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. அவர் மருந்து என்று சொன்னது களைக்கொல்லியை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை எல்லாமே வெள்ளாமைக்குள் களையாக முளைப்பவைதானே. களைக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இவைதான். அப்படியானால் ஒரு மேட்டாங்காட்டில் (மானாவாரி நிலத்தில்) பண்ணைக்கீரை கொழித்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் அந்தக் காட்டுக்காரர் இந்த வருசம் களைக்கொல்லி அடிக்கவில்லை என்று அர்த்தம். எந்தப் பெட்டியின் மேலும் ஒட்டியிருந்த சீட்டு எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அடுத்த மாதமே அறச்சலூர் பக்கம் இருக்கும் அவர் காட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு. மூன்று ஏக்கர் மானாவாரி. கடலை, இடையிடையே தட்டைப்பயறும் துவரையும், வரப்போரம் ஆமணக்கு. ஆட்டுப்பட்டி போட்ட மண், கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. சாளை (காட்டு வீடு) திண்ணையில் உட்காரவைத்து ராகிக் களியும் ரக்கிரி (கீரை) சாறும் போட்டார்கள். என் சின்னவன் வீட்டில் களியைத் தொடவே மாட்டான், அங்கே இரண்டாவது உருண்டை கேட்டான். (100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று நான் அவனிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தும் நடக்காத காரியம் அது.)

ஆயா சொன்ன கணக்கை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஆடியில் விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காட்டுக்கீரை. ஐப்பசி கார்த்திகையில் கல்லக்காய், பச்சைத் தட்டைக்காய். மார்கழி தையில் அவரை, மொச்சை, பச்சைத் துவரை, அப்புறம் பனங்கிழங்கு. மாசி தொடங்கி முருங்கை. சித்திரையில் நுங்கு, தெளுவு (பதநீர்), மாங்காய். இடையில் ஒன்றும் இல்லாத நாளுக்கு அட்டத்தில் (பரணில்) அரசாணிக்காய் (பரங்கிக்காய்) இருக்கும், பானையில் கொள்ளு இருக்கும். செம்மண் கட்டிய துவரை இருந்தால் பருப்புக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பெட்டியை நிறுத்திவிட்டோம். ஒன்பது மாதமாக இந்தக் கணக்குப்படிதான் சமையல். செலவு குறைந்தது உண்மை, ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்றுதான், தட்டில் இருப்பது எந்த மண்ணில் வந்தது என்று என் பிள்ளைகளால் சொல்ல முடிகிறது.

உங்களுக்கும் வாங்கப் போன இடத்தில் இப்படி யாராவது ஒருவர் கற்றுக்கொடுத்திருப்பார். எழுதுங்கள்.

மூலனூர்க்காரன்:

நான் விற்கிறவன் பக்கமிருந்து சொல்கிறேன். நாலு ஏக்கர் முருங்கை. பங்குனி, சித்திரையில் மரம் தாங்காமல் காய்க்கும், அப்போது கிலோ ஐந்து ரூபாய்க்குக்கூடக் கேட்பார் இருக்க மாட்டார்கள், பறிக்கிற கூலிக்கே கட்டாமல் மரத்திலேயே முற்ற விட்டிருக்கிறேன். மார்கழியில் 300 ரூபாய் என்பார்கள், அப்போது என் மரத்தில் காய் இருக்காது. அந்த ஆயா சொன்னது ரொம்பச் சரி, மழையும் பனியும் பூவை நிற்க விடாது.

மூன்று வருசத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தாராபுரம் போகிற வழியில் வண்டியை நிறுத்தி காய் கேட்டார். கொடுத்தேன். "மருந்து அடிச்சீங்களா?" என்றார். கம்பளிப்பூச்சிக்கு, அடிமரத்தில் கூட்டமாக அடையும்போது தீப்பந்தம் காட்டுவதோடு சரி, இலைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் பஞ்சகவ்யம் என்றேன். பஞ்சகவ்யத்தைப் பயிருக்குக் கொண்டுவந்தவர் நம் கொடுமுடி டாக்டர் நடராஜன்தான் என்று அவருக்கே தெரிந்திருந்தது. போய்விட்டு அடுத்த வாரம் தெருவில் பதினோரு வீட்டுக்குச் சேர்த்து வாங்க வந்தார். இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் வருகிறார், கிலோ இருபது ரூபாய் என்று அவரே பேசி வைத்தது. காய் மலிந்து கிடக்கும் மாதத்தில் தேடி வருகிறவர்தான் எங்களுக்கு உதவி. அப்போதுதான் காய்க்கும் சதை இருக்கும், ருசி இருக்கும். கீரையை நிழலில் உலர்த்திப் பொடி செய்து வைத்துக்கொண்டால் காய் இல்லாத மாதத்துக்கும் ஆகும்.

கவுந்தப்பாடி மருமகள்:

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கரும்பாலைக்காரர். பிறந்த ஊர் உடுமலை, கல்யாணமாகி இங்கே வந்த வருசம் நாட்டுச் சர்க்கரை பொன் நிறத்தில் இருந்தால்தான் நல்லது என்று நம்பி, கொஞ்சம் கறுத்திருந்ததை மாமியாரிடமே வேண்டாம் என்று சொன்னவள் நான். அத்தை ஒன்றும் பேசாமல் அடுத்த நாள் காலையில் சொந்தக்காரர் ஆலைக்குக் கூட்டிப் போனார்.

கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கக் கொதிக்க அழுக்கு மேலே திரண்டு வரும், அதைச் சல்லடைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுக்குப் பிரியச் சுண்ணாம்பு கொஞ்சம், வெண்டைச் செடியை நசுக்கிய கொழகொழப்பு கொஞ்சம். பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, ஆற ஆறத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பொடியாக உதிரும், அச்சில் அள்ளிப் போட்டால் வெல்லம். "இவ்வளவுதான் கண்ணு. இதை வெள்ளையாக்கோணும்னா ஹைட்ரோஸ் (வெளுக்கிற ரசாயனம்) போடோணும். எடை கூட்டோணும்னா அஸ்காவை (வெள்ளைச் சர்க்கரையை) கொட்டோணும். சந்தைக்கு நெறம்தான் வேணும்ங்கறாங்க, நாங்க என்ன பண்றது" என்றார் ஆலைக்காரர். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்து போவது, அந்தப் பெருமை எங்களுக்கு நிறையவே உண்டு, அதனால்தான் கலப்படம் என்று கேட்டாலே எங்களுக்கு வயிறு எரிகிறது.

இப்போது வீட்டில் கறுத்த சர்க்கரைதான். ஒன்று மட்டும், நாட்டுச் சர்க்கரையானாலும் அது சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் 'நாட்டு' என்ற சொல்லை நம்பி இஷ்டத்துக்குச் சேர்க்க வேண்டாம், என் சின்ன மாமனார் அப்படித்தான் அவஸ்தைப்பட்டார்.

நாமக்கல்லிலிருந்து:

மேலே நீரிழிவு என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு 2022-இல் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் ஒரே நாளில் அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சாமை, குதிரைவாலி, வரகு என்று மாறினேன். பத்தே நாளில் வயிறு கெட்டுப்போனது. சர்க்கரையும் நினைத்த அளவு இறங்கவில்லை. டாக்டரம்மா எடுத்துச் சொன்னார்: 100 கிராம் சாமையிலும் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், அரிசியில் 78 கிராம் அளவுக்கு, நார்ச்சத்து கூடுதலாக இருப்பதுதான் சாமையின் பலம், அளவைக் குறைக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் பலன் இல்லை.

அந்த நார்ச்சத்தும் நான் வாங்கியதில் பெரும்பாலும் இல்லை என்று தெரிந்தது கொல்லிமலையில். சோளக்காடு பக்கம் ஒரு வீட்டில் சாமை வாங்கக் கேட்டபோது அந்த அக்கா நான் கொண்டுபோயிருந்த பாக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இவ்வளவு வெள்ளையா இருக்கே, மேல் தோலெல்லாம் போயிருச்சே" என்றார். அவர் குத்திக் காட்டியது மங்கலான சாம்பல் பழுப்பு. தவிட்டோடு இருப்பதால் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் காறல் வாடை வந்துவிடும், அதனால் உமியோடு வைத்துக்கொண்டு வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் குத்திக்கொள்வார்களாம். உமியோடு இருந்தால் வருசக்கணக்கில் கெடாது.

இப்போது ஒரு வேளை மட்டும் சாமை, ஊறவைத்துச் சமைத்தது, ஒரு கிண்ணம் அளவு, கூடவே கொள்ளுப் பருப்பும் ஏதாவது ஒரு கீரையும். மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் யார் பேச்சையும் கேட்டு நிறுத்தாதீர்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

பேரூர்:

எல்லாம் படித்தேன், மனசு நிறைந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உழவர் சந்தையில் விற்பதெல்லாம் மருந்தில்லாத காய் இல்லை. விளைவித்தவரே விற்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் வடவள்ளி உழவர் சந்தையில் வாங்குகிறவன், அங்கே ஒரு கத்தரிக்காய்க்காரர் நேராகவே சொன்னார், "வாரம் ரெண்டு தடவை அடிக்கறனுங்க, இல்லாட்டி எல்லாம் புழுதான்" என்று. அவர் மறைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம். கேட்க வேண்டியது நம் வேலை.

அதே மாதிரி சீட்டு எல்லாமே பொய் என்றும் தள்ளிவிட வேண்டாம். முறையாகச் சான்று வாங்குகிறவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா தென்னந்தோப்புக்கு கோவையில் இருக்கும் அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றளிப்புத் துறையில் பதிந்து, பதிவேடு எழுதி, ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கணக்குக் காட்டி வாங்கினார். சான்று கிடைப்பதற்கு முன் ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருசம், தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருசம் மாறுதல் காலம் உண்டு. 'இயற்கை' என்று வெறுமனே அச்சடித்த சீட்டையும் அரசு அங்கீகரித்த சான்று முத்திரையையும் பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் காட்டுக்கீரை விஷயத்தில் ஒரு கவலை. சாலையோரத்திலும், பக்கத்துக் காட்டில் பருத்திக்கு மருந்து அடிக்கும் வரப்பிலும் முளைத்ததைப் பறித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே பறித்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

வெள்ளகோவில்:

ஆயா சொன்ன பண்ணைக்கீரை எப்படிக் கடைவது? எங்கள் ஆத்தா இருந்தவரை சாப்பிட்டது. கைப்பக்குவம் யாருக்கும் தெரியவில்லை இப்போது.

முதலில் எழுதியவள்:

பேரூர்க்காரர் சொன்னது சரிதான், நன்றி. ஆயாவிடமே போன வாரம் கேட்டுவிட்டேன். கிழக்கு வேலி ஓரம் பக்கத்துக் காட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பதால் அங்கே நாலு சால் (உழவு வரி) தள்ளித்தான் பறிப்பாராம். நான் கேட்டதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "கேட்டு வாங்குனாத்தான் சாமி எங்களுக்கும் பயம் இருக்கும்" என்றார்.

வெள்ளகோவில் தங்கைக்கு: பூ வராத இளங்கொழுந்தாகப் பார்த்து வாங்குங்கள், பூத்துவிட்டால் நார் தட்டும். இரண்டு கைப்பிடி பச்சைப்பயறை வறுத்து முக்கால் பதம் வேகவைத்து, அதில் கீரை, உரித்த சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, பச்சை மிளகாய் நாலு, சீரகம், பூண்டு, புளி சுண்டைக்காய் அளவு. மூடாமல் வேகவிட வேண்டும். வெந்த தண்ணீரைச் சட்டி சாய்த்துத் தனியாக வடித்து வைத்துக்கொண்டு, கல்லுப்புப் போட்டு மத்தால் கடைந்து, அப்புறம் அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். தாளிப்புக்கு நல்லெண்ணெய், கடுகு, வரமிளகாய். களிக்கும் ஆகும், கம்மஞ்சோற்றுக்கும் ஆகும்.

இந்த வருசம் ஆடியில் மழை நன்றாக இறங்கியதால் ஆவணி பத்துக்கு மேல் கீரை வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். சம்பத் நகரில் வடக்கு ஓரம், சாக்கு விரித்திருப்பார். ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.