கல்யாணம் ஆகாமல் டிபெண்டன்ட் விசா: சென்னையிலிருந்து யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

பெருங்குடிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இணைக்கு பிரிட்டனில், லீட்ஸ் நகரத்தில் சாப்ட்வேர் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கில்டு ஒர்க்கர் என்கிற வேலை விசா, அதற்குக் கம்பெனி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் வந்துவிட்டது. அவர் துணையாக டிபெண்டன்ட் விசாவில் நானும் கூடப் போக வேண்டும். எங்கள் பழக்கம் மூன்று வருடத்துக்கு மேல். ஆனால் ஒரே வீட்டில் இருப்பது போன வருடத்திலிருந்துதான். அதற்கு முன் நான் லேடீஸ் ஹாஸ்டல், அவர் நண்பர்களோடு ஒரு பிளாட். அவர் நாகர்கோவில், கிறிஸ்தவர். நான் கும்பகோணம் பக்கம், இந்து. இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும், இரண்டு வீடும் இன்னும் இறங்கி வரவில்லை. அவசரப்பட்டு முடித்துக்கொண்டு உறவை அறுத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

பேப்பர்தான் சிக்கல். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு இல்லை என்று போன இடமெல்லாம் சொன்னதால், இந்த ஹவுஸ் ஓனரிடம் கணவன் மனைவி என்றே சொல்லிவிட்டோம். அவரும் ஒப்பந்தத்தில் ‘வாடகைதாரரும் அவர் மனைவியும் மட்டும் குடியிருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்து டைப் அடித்துவிட்டார். கரண்ட் பில் ஓனர் பெயரில் வருகிறது. என் ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான்.

ஒரு ஏஜென்டைப் பார்த்தோம். “அன்மேரீட் எல்லாம் இந்தியாக்காரங்களுக்குக் கொடுக்கவே மாட்டாங்க மேடம். பழைய தேதியில ஒரு மேரேஜ் சர்டிபிகேட் ஏற்பாடு பண்ணிடலாம்” என்கிறார். கேட்டதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

நிஜமாகவே கல்யாணம் இல்லாமல் போக வழி உண்டா? ரிஜிஸ்டர் கல்யாணம்தான் ஒரே வழி என்றால் அதற்கு எவ்வளவு நாள் ஆகும்? அவர் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாமிலும் ஆபீஸ் உண்டு. அங்கே கேட்டு வாங்கினால் சுலபமா?

அண்ணாநகர் பெரியவர்:

அம்மா, எதற்கு இத்தனை குழப்பம்? காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பெற்றவர்கள் ஒரு வருடம் முறைப்பார்கள், அப்புறம் பேரன் பேத்தி என்று வருவார்கள். என் ஆசீர்வாதம்.

மேடவாக்கம் டு மான்செஸ்டர்:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணுங்கள். பொய்ச் சான்றிதழ் மாட்டினால் இந்த விசா நிராகரிக்கப்படுவதோடு போகாது. ஏமாற்று என்று எழுதிவிட்டால் பத்து வருடத்துக்கு பிரிட்டன் பக்கம் விண்ணப்பித்தாலே மறுப்புதான். மற்ற நாட்டு விசா படிவங்களிலும் ‘முன்பு மறுக்கப்பட்டதா’ என்று கேட்பான், அங்கேயும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஏஜென்டுக்கு என்ன, கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

நானே கல்யாணம் ஆகாத இணையராகத்தான் இங்கே வந்தேன். முன்பு விதி ‘இரண்டு வருடம் சேர்ந்து குடியிருந்திருக்க வேண்டும்’ என்று இருந்தது. நம் ஊர் ஜோடிகள் பாதிப் பேர் அதில்தான் அடிபட்டார்கள். 2024 ஜனவரி 31 முதல் அது மாறிவிட்டது. இப்போது கேட்பது, கல்யாணத்துக்கு ஒப்பான உறவில் குறைந்தது இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும் என்பது. ஒரே கூரை கட்டாயம் இல்லை. தனித்தனியாக இருந்த காலத்துக்குக் காரணம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வேலை, படிப்பு வேறு ஊரில் என்பது ஒரு காரணம். கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வாழ்வதை எங்கள் சமூகம் ஏற்பதில்லை என்பதும் அவர்களே ஒப்புக்கொள்ளும் காரணம்தான். ஆகவே உங்கள் ஹாஸ்டல் காலமும் கணக்கில் வரும்.

ஆனால் ‘காதலித்தோம்’ என்றால் போதாது, ஒருவரையொருவர் தாங்கிய உறவு என்று பேப்பர் பேச வேண்டும். ஜிபேயில் வாடகைக்குப் பாதி அனுப்பியது, அவருக்கு உடம்பு சரியில்லாதபோது நீங்கள் கட்டிய ஆஸ்பத்திரி பில், இரண்டு பேர் பெயரும் இருக்கிற ரயில் டிக்கெட், உங்கள் பெயரில் அந்த முகவரிக்கு வந்த பார்சல் இன்வாய்ஸ், வைஃபை பில். இரண்டு வருடத்துக்கும் பரவலாக இருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் குவித்தால் விசாவுக்காகத் தயாரித்த மாதிரிதான் தெரியும். வாட்ஸ்அப் முழுவதையும் பிரின்ட் எடுக்காதீர்கள், யாரும் படிக்கப் போவதில்லை. மாதத்துக்கு ஒரு பக்கம் எடுத்தால் தாராளம்.

இன்னொன்று, அவர் வேலையின் தரத்தைப் பாருங்கள். 2024 மார்ச் 11 முதல் கேர் ஒர்க்கர்கள் (முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர்கள்) புதிதாகக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. 2025 ஜூலை 22க்குப் பிறகு பட்டப்படிப்பு அளவுக்குக் கீழான வேலைகளில் புதிதாக வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். சாப்ட்வேர் டெவலப்பர் என்றால் கவலை இல்லை. சான்றிதழில் என்ன தொழில் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஐகோர்ட் வாசல்:

அண்ணாநகர் ஐயாவுக்கு வணக்கம். மத்தியானச் சாப்பாட்டுக் கல்யாணம் இவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு பேரும் இந்து என்றால் இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணம் முடித்துப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அறுபதுகளில் கொண்டுவந்த திருத்தம் அது. வக்கீல்களும் நண்பர் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்பதால் அந்தக் கதவு இல்லை. சர்ச்சில் முடிக்க 1872-ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இடம் தருகிறது, ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஆனால் வீட்டார் இல்லாமல் போய் நின்றால் பாதிரியார் சம்மதிப்பாரா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அது பலகையில் ஒட்டப்பட்டு, 30 நாள் போன பிறகுதான் கல்யாணம். மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முக்கியமான விஷயம் இனிமேல்தான்: உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் ஒரு பிரதி அந்த மாவட்ட அலுவலருக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். அதாவது தஞ்சாவூர் மாவட்டத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உங்கள் பெயர் பலகையில் தொங்கும். வீட்டில் பேசி முடிப்பதற்குள் ஊர் பேசி முடித்துவிடும்.

யாராவது ஆட்சேபித்தாலும் வயது, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, இவைதான் செல்லும். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது சட்டத்தில் ஆட்சேபணையே இல்லை. அதற்காகத் தைரியமாக இருங்கள்.

முத்திரைத்தாளில் ‘லிவ்-இன் ஒப்பந்தம்’ போட்டு நோட்டரி முத்திரை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். இன்று எழுதிய பத்திரம் இன்று எழுதியது என்பதை மட்டும்தான் காட்டும். சேர்ந்து வாழ்வது குற்றமா என்ற பயமும் வேண்டாம். வயது வந்த இருவர் சம்மதித்துச் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010-இல் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

டொரன்டோ தோழன்:

‘பேசாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு முன், அந்த வழியே இல்லாதவர்களும் இதைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நானும் என் துணையும் இரண்டு ஆண்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவில் எங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் என்பதே கிடையாது.

நாங்கள் கனடாவுக்குப் போனது காமன்-லா இணையராக, அதாவது கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிற ஜோடியாக. இங்கே பிரிட்டன் மாதிரி இல்லை, 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு மிகக் குறைவு. ஐஎம்எம் 5409 என்று ஓர் உறுதிமொழிப் படிவம் உண்டு, அதோடு ஆதாரங்கள். வேடிக்கை என்னவென்றால், உங்களை விரட்டிய அதே சென்னை ஹவுஸ் ஓனர்கள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு பசங்க, பேச்சுலர்ஸ், மாதம் பிறந்தால் வாடகை வந்தால் சரி. இரண்டு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் அவரே எழுதினார்.

சேர்ந்தே இருக்க முடியாதவர்களுக்குக் கான்ஜுகல் பார்ட்னர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது இங்கே குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவர் ஸ்பான்சர் செய்யும்போது மட்டும்தான். வேலை விசாவில் போகிறவருக்கு உதவாது. துணைக்குக் கிடைக்கும் ஓபன் ஒர்க் பெர்மிட்டையும் (எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கும் அனுமதி) 2025 ஜனவரி 21 முதல் இறுக்கிவிட்டார்கள். கனடா யோசனை வந்தால் அதையும் பாருங்கள்.

பெருங்குடிக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டொரன்டோ அண்ணா, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது.

கல்யாண நோட்டீஸின் பிரதி ஊருக்கும் போகும் விஷயம் தெரியாமலே அடுத்த வாரம் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்! அதை இப்போதைக்கு நிறுத்திவிட்டோம். பிரிட்டனுக்கே இணையராகப் போடுகிறோம். ஒரே பயம், அந்த ‘மனைவி’ வரி. படிவத்தில் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிவிட்டு, ஒப்பந்தத்தில் மனைவி என்று இருந்தால் பொய் சொல்கிறேன் என்றுதானே நினைப்பார்கள்? அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்காமலே விட்டுவிடலாமா?

மேடவாக்கம் டு மான்செஸ்டர்:

விடாதீர்கள். அந்த முகவரியில் நீங்கள் இருந்ததற்கு அதுதான் பெரிய ஆதாரம். கவர் லெட்டரில் நீங்களே முந்திக்கொண்டு ஒரு பத்தி எழுதுங்கள்: நாங்கள் சட்டப்படி மணமானவர்கள் அல்ல, சென்னையில் மணமாகாத ஜோடிக்கு வீடு கிடைப்பது கடினம், அதனால் உரிமையாளரிடம் அப்படிச் சொன்னோம், ஒப்பந்தத்தின் இன்ன பக்கத்து வரி அதனால் வந்தது. அவ்வளவு போதும், கண்ணீர்க் கதை வேண்டாம். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்களே காட்டுவதற்கும் வித்தியாசம் நிறைய. இரண்டு பேர் லெட்டரிலும் அதே தேதிகள் இருக்கட்டும். எப்போது பழக ஆரம்பித்தீர்கள், எப்போது வீடு மாறினீர்கள் என்பதில் அவர் ஒன்று நீங்கள் ஒன்று எழுதினால்தான் வம்பு. உங்கள் உறவு தெரிந்த இரண்டு நண்பர்களிடமும் கடிதம் வாங்குங்கள்.

பணம்: ஹெல்த் சர்சார்ஜ் (இங்கே அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருடம் என்றால் 3,105. விசா கட்டணம் தனி. அவர் கம்பெனி உங்கள் செலவுக்கும் உத்தரவாதம் தராவிட்டால், கணக்கில் உங்களுக்காக 285 பவுண்டு 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் அத்தை:

தாமதமாக வருகிறேன், நெதர்லாந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே வருடக்கணக்கே கேட்பதில்லை. நிலையான, வேறு யாரும் இல்லாத உறவு என்று இருவரும் உறுதி கொடுக்க வேண்டும், இருவருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும், வந்த பிறகு ஒரே முகவரியில் பதிந்து வாழ வேண்டும். கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் என்றால் அவருடையதோடு உங்களுடையதையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள், டச்சு மொழித் தேர்வும் உயர்திறன் பணியாளரின் துணைக்கு இல்லை. ஒரே அலைச்சல், கல்யாணம் ஆகவில்லை என்பதற்கான பத்திரம்: நோட்டரி முன் உறுதிமொழி, மாநில அரசின் அத்தாட்சி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டில் செல்வதற்கான அத்தாட்சி). ஆனால் கைக்கு வந்த லீட்ஸ் வேலையை இதற்காக விடச் சொல்லமாட்டேன் கண்ணு.

பெருங்குடிக்காரி:

நன்றி அத்தை. லீட்ஸே இருக்கட்டும். கடைசியாக ஒன்று: அவர் அடுத்த மாதமே சேர வேண்டும், என் வேலையில் நோட்டீஸ் பீரியட் அதற்குள் முடியாது. அவர் முதலில் போய், நான் பின்னால் போட்டால் பிரிந்து இருந்ததாகக் கணக்கு வருமா?

மேடவாக்கம் டு மான்செஸ்டர்:

வராது. சேர்ந்தும் போடலாம், பின்னாலும் போடலாம். அவர் விசா முடியும் தேதி வரைக்கும் உங்களுக்கும் கிடைக்கும். அந்த இடைவெளியில் பேசிக்கொண்டது, பணம் அனுப்பியது எல்லாம் எடுத்து வையுங்கள். விசாவுக்குக் கேட்கும் டிபி (காசநோய்) டெஸ்ட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடாதீர்கள், சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். சென்னையிலேயே அங்கீகரித்த கிளினிக் இருக்கிறது, விண்ணப்பம் போடும் சமயத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்தால் போதும். ஆதார் முகவரியை இன்றைக்கே மாற்றப் போடுங்கள்.